ஸ்டாம்புக்கு நடுவுல இருக்கிற சந்து

ஸ்டாம்பு சேர்க்கிற பழக்கம் இருக்கிறவங்க எல்லாருக்கும், வீட்டுல பழைய கடுதாசி வச்சிருக்கிறவங்களுக்கும், ஸ்கூல்ல குழந்தைங்களுக்கு இதைச் சொல்லித் தர்ற டீச்சருங்களுக்கும் ஒரு விண்ணப்பம். அந்தக் கத்தரிக்கோலை கொஞ்சம் கீழ வைங்க.

"ஸ்டாம்புன்னா வெட்டித்தானே எடுக்கணும், இதுல என்னப்பா விண்ணப்பம்?"னு கேக்கறீங்களா? அதுக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துட்டு வந்து உக்காருங்க :-)

என் கட்சி இதுதான். ஒரு ஷீட்டுல ஸ்டாம்புக்கும் ஸ்டாம்புக்கும் நடுவுல ஒரு வெள்ளைச் சந்து இருக்கே, அந்தச் சந்துல இருக்கிற சேதி ஸ்டாம்புல இருக்கிற படத்தை விடக் குறைஞ்சது இல்லை. நாம பண்ற முதல் வேலையே அந்தச் சந்தை வெட்டி குப்பைல போடறது.

நம்ம திருப்பூர் ஆளுங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கட்டிங் மாஸ்டர் துணியை லே போட்டு, மேல மார்க்கரை விரிப்பார். முன்பக்கம், பின்பக்கம், கை எல்லாம் எப்படி நெருக்கமா அடுக்கினா துணி வீணாகாதுங்கிறதுதான் அங்க கணக்கு. ரொம்ப நெருக்கினா கத்தி பக்கத்துப் பீஸைத் தின்னுடும். ரொம்ப விட்டா துணி காசு போச்சு. அந்த ரெண்டுக்கும் நடுவுல அவர் விடற இடைவெளியைப் பார்த்தாலே கத்தி எப்படிப்பட்டது, துணி என்ன விலை, எவ்வளவு அவசரமான ஆர்டர்னு தெரிஞ்சவங்க சொல்லிடுவாங்க. (டெம்ப்ளேட்டோட மல்லுக்கட்டின பதிவர்களுக்கு வேற மாதிரி சொல்றேன். பேடிங் உள்ள, மார்ஜின் வெளிய. நான் சொல்றது மார்ஜின் பத்தி.)

ஸ்டாம்பு ஷீட்டும் அதே கதைதான்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

1854 அக்டோபர் 1. இந்தியா முழுக்க ஒரே தபால் கட்டணம் அமலுக்கு வந்த நாள். கால் தோலா எடைக்குள்ள இருக்கிற கடுதாசிக்கு அரை அணா. கோயமுத்தூர்ல இருந்து மெட்ராஸுக்குப் போனாலும் அரை அணா, பெஷாவருக்குப் போனாலும் அரை அணா. அப்ப நம்ம ஊருக்கு ரயிலே கிடையாது. ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடுக்கு முதல் ரயில் ஓடினதே 1856-இல்தான். போத்தனூருக்கு ரயில் வந்தது 1862-இல். அதுவரைக்கும் தபால் மூட்டையைத் தூக்கிட்டு மனுஷங்கதான் ஓடினாங்க.

அந்தக் கட்டணத்துக்கான ஸ்டாம்பை அச்சடிச்சது யாருங்க? லண்டன்ல இருக்கிற பெரிய கம்பெனி இல்லை. கல்கத்தாவுல சர்வேயர் ஜெனரல் ஆபீஸ். அதாவது மேப் அச்சடிக்கிற இடம். கேப்டன் துய்லியர்ங்கிற அதிகாரி பொறுப்புல, கல்லச்சு முறைல அடிச்சாங்க. செம்புத் தகட்டுல ஒரு படத்தைச் செதுக்கி, அதுல இருந்து காகித நகல்கள் எடுத்து, அதை வரிசையா கல்லு மேல இறக்கி, அந்தக் கல்லுல மை போட்டு தாள்ல அழுத்தறது. கல்லு மேல நகலை இறக்கினது மனுஷக் கை. மெஷின் இல்லை. அதனால சந்து எல்லா இடத்துலயும் ஒரே அளவா இருக்காது. ஒண்ணு கொஞ்சம் சாஞ்சிருக்கும், ஒண்ணு பக்கத்து ஆளை இடிச்சுட்டு நிக்கும். அந்தச் சாய்வுதான் அந்தக் கல்லோட கைரேகை.

இப்ப கணக்கைப் பாருங்க. அரை அணா ஷீட்டுல 96 ஸ்டாம்பு. வரிசைக்கு 8, மொத்தம் 12 வரிசை. ஒரு வரிசை 4 அணா, அதாவது கால் ரூபாய். முழு ஷீட்டு 48 அணா, அதாவது 3 ரூபாய். ஒரு அணா ஷீட்டும் 96 தான். வரிசை அரை ரூபாய், ஷீட்டு 6 ரூபாய். பதினாறு அணா ஒரு ரூபாயா இருந்த ஊர்ல, எட்டு எட்டா அடுக்கினா போஸ்டாபீஸ் கிளார்க்குக்கு கணக்கு எவ்வளவு சுலபம்! "கால் ரூபாய்க்குக் குடுங்க"ன்னு கேட்டா ஒரு வரிசையை வெட்டிக் குடுத்துட வேண்டியதுதான்.

இந்த அணாக் கணக்கு நம்ம ஊர் கண்டுபிடிப்பு இல்லை. 1840-இல் இங்கிலாந்து பென்னி பிளாக் ஷீட்டுல 240 ஸ்டாம்பு. வரிசைக்கு 12, மொத்தம் 20 வரிசை. பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு. ஒரு வரிசை என்ன விலை, ஒரு ஷீட்டு என்ன விலைன்னு ஷீட்டு ஓரத்துலயே அச்சடிச்சிருந்தாங்க. 1850-இல் ஆஸ்திரியாக்காரங்க இன்னும் ஒரு படி மேல. அவங்க காசுல 60 கிராய்ட்ஸர் ஒரு குல்டன். எட்டுக்கு எட்டு கட்டம் போட்டா 64 வருது. என்ன பண்ணாங்க? 60 கட்டத்துல ஸ்டாம்பு, மிச்சம் 4 கட்டத்துல பெருக்கல் குறி மாதிரி ஒரு சிலுவை. அச்சு வசதிக்கு 64, கணக்கு வசதிக்கு 60. இதை விட அழகா ஒரு லேயவுட் பிரச்சினையை யாராவது தீர்த்திருக்காங்களா சொல்லுங்க.

இதுல ஒண்ணை யோசிங்க. தனி ஸ்டாம்பை மட்டும் கைல வச்சிருந்தா, இதுல ஒரு வரியாவது உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?

இனி நம்ம கதையோட ஹீரோ. 4 அணா.

1854 அக்டோபர் 15 அன்னைக்கு வந்தது. சிவப்புல எட்டு மூலைச் சட்டகம், உள்ள நீலத்துல விக்டோரியா ராணி தலை. உலகத்துல முதன்முதலா ரெண்டு வண்ணத்துல வந்த ஸ்டாம்புகள்ல இதுவும் ஒண்ணு. சட்டகத்துக்கு ஒரு கல், தலைக்கு இன்னொரு கல். ஒரே தாள் ரெண்டு தடவை அழுத்தத்துக்குப் போகணும். ரெண்டும் சரியா ஒண்ணு மேல ஒண்ணு உக்காரணும். மேப் ஆபீஸ் ஆளுங்க என்ன பண்ணாங்கன்னா, முதல் ஷீட்டுல வெறும் 12 ஸ்டாம்புதான் வச்சாங்க. நடுவுல தாராளமா இடம் விட்டாங்க. அந்த இடத்துல நீலத்துல நெளிநெளியா கோடு, குறுக்கே சந்திக்கிற இடத்துல சின்னப் பூ.

பிற்பாடு வந்த அச்சுல ஷீட்டுக்கு 24. நெளி கோடும் போச்சு, பூவும் போச்சு. ஸ்டாம்பெல்லாம் பஸ்ல காலை நேரத்து கூட்டம் மாதிரி நெருங்கிடுச்சு.

இது ஏன்னு நான் படிக்கிறது இப்படி. முதல்ல பண்ணும்போது கைக்கு நம்பிக்கை இல்லை. ரெண்டு வண்ணம் தப்பா உக்காந்தாலும் பக்கத்துல இருக்கிறதைக் கெடுக்கக் கூடாதுன்னு இடம் விட்டாங்க. எங்க வெட்டணும்னு ஜனங்களுக்கும் கோடு போட்டுக் காட்டினாங்க. கொஞ்சம் பழகினதும் தேவையும் சேர்ந்துச்சு, ஒரே தாள்ல இரட்டிப்பா வந்தா லாபம்தானே. புது ரிலீஸுக்கு எக்ஸ்ட்ரா டைம் வச்சுட்டு, மூணாவது ரிலீஸுக்கு "இதெல்லாம் எதுக்கு"ன்னு வெட்டிடற மேனேஜரை நமக்குத் தெரியாதா என்ன :-)

ஆக, ஒரு ஆபீஸ் கத்துக்கிட்ட கதை முழுசும் அந்த வெள்ளைச் சந்துல இருக்கு. படத்தை மட்டும் பார்த்தா "ராணி தலை, 4 அணா", அவ்வளவுதான்.

ஜனங்க என்ன பண்ணாங்க தெரியுமா? சட்டகம் எட்டு மூலையா இருக்கே, அழகா இருக்கட்டும்னு அந்த எட்டு மூலையை ஒட்டியே வெட்டி ஒட்டினாங்க. சந்து காலி. இன்னைக்கு கேட்லாக்குல, நாலு பக்கமும் ஓரம் இருக்கிற 4 அணாவுக்கும் எட்டு மூலையா வெட்டின 4 அணாவுக்கும் விலை மலைக்கும் மடுவுக்கும். இதே 4 அணாவுல தலை தலைகீழா அச்சான ஒரு பிழை உண்டு, உலகப் புகழ். தெரிய வந்ததே சுமார் முப்பது அளவுலதான். அதுலயும் சதுரமா, ஓரத்தோட தப்பிச்சது விரல் விட்டு எண்ணிடலாம். அன்னைக்கு யாரோ ஒருத்தர் "நீட்டா இருக்கட்டும்"னு வெட்டின ஒரு வெட்டு. அவரைக் குத்தம் சொல்ல முடியாது. கடுதாசி போய்ச் சேரணும்ங்கிறதுதான் அவர் கவலை. இன்னைக்கு இருக்கிற நமக்கு அந்தச் சாக்கு கிடையாது.

நம்ம ஊர்ல மட்டுமா இப்படி? இத்தாலியைப் பாருங்க. அப்ப இத்தாலின்னு ஒரு நாடே இல்லை, ஏழெட்டு சின்ன ராஜ்யம். ஒவ்வொண்ணும் தனி ஸ்டாம்பு. 1851-இல் டஸ்கனி சிங்கம் போட்ட ஸ்டாம்பு வெளியிட்டது. சந்து ஒரு மில்லிமீட்டருக்குப் பக்கத்துலதான் இருக்கும். எவ்வளவு கவனமா வெட்டினாலும் ஏதாவது ஒரு பக்கம் படத்தைக் கத்தரி கடிச்சுடும். நாலு பக்கமும் முழு ஓரம் இருக்கிற டஸ்கனி ஸ்டாம்பு கிடைச்சா சேகரிக்கிறவங்க கோயில் பிரசாதம் மாதிரி வச்சுக்குவாங்க. அடுத்த வருஷம் போப்பாண்டவர் ஆட்சிப் பகுதி ஸ்டாம்பு விட்டப்ப நடுவுல கோடு போட்டாங்க, நம்ம 4 அணா மாதிரியே. 1855-இல் சார்டீனியா ராஜ்யம் விட்டதுல சட்டகத்தை அச்சடிச்சு, ராஜா தலையை மட்டும் தனியா புடைப்பா அழுத்தினாங்க. அதுலயும் தலைகீழ் தலை உண்டு. ரெண்டு தடவை அழுத்தினா தலைகீழாப் போறது கல்கத்தாவுக்கு மட்டும் விதிச்சது இல்லைங்க.

இங்கிலாந்துலயே 1847-இல் வந்த புடைப்பு ஸ்டாம்பை ஒவ்வொண்ணா தாள்ல அழுத்தினதால, சிலது பக்கத்து ஸ்டாம்பு மேலயே ஏறி உக்காந்திருக்கும். அதையும் ஜோடியா பார்த்தாத்தான் தெரியும். தனியா பார்த்தா "ஏதோ அச்சு சரியில்லை போல"ன்னு தூக்கிப் போட்டுடுவோம்.

ஓட்டை வரிசை வந்தப்புறம்தான் சந்துக்கு ஒரு வேலையே வந்தது. ஹென்றி ஆர்ச்சர்ங்கிறவர் ஓட்டை போடற மெஷினைக் கண்டுபிடிச்சு, 1854-இல் இங்கிலாந்து அதைப் பயன்படுத்த ஆரம்பிச்சது. ஆனா அப்ப இருந்த தகடெல்லாம் கத்தரிக்கோல் காலத்துக்குச் செஞ்சது. சந்து போதலை. ஓட்டை படத்துக்குள்ளயே விழுந்த ஸ்டாம்பு ஏராளம். புது மெஷினுக்குப் பழைய லேயவுட் ஒத்து வராதுங்கிற பாடம், நூத்தி எழுபது வருஷம் முன்னாடியே. அதே வருஷம்தான் நம்ம ஊர்ல ஓட்டை இல்லாத ஸ்டாம்பு வந்ததுங்கிறதையும் சேர்த்துப் பாருங்க. 1855-இல் லண்டன் டி லா ரூ கம்பெனி அச்சடிச்சது வந்தப்புறம்தான் இந்தியாவுல ஓட்டை.

சரி, "முழு ஷீட்டு மியூசியத்துல இருக்கட்டும், தனி ஸ்டாம்பு என் ஆல்பத்துல இருந்தா என்ன நஷ்டம்?"னு ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். பதில் சொல்றேன்.

பழைய கல்லச்சு ஸ்டாம்பு ஒண்ணு, ஷீட்டுல எந்த இடத்துல இருந்ததுன்னு கண்டுபிடிக்கிற வேலை ஒண்ணு இருக்கு. முழு ஷீட்டு கிடைக்காதப்ப என்ன பண்ணுவாங்க? மூணு சேர்ந்த துண்டு ஒண்ணு கிடைக்குது. அதுல மூணாவது ஸ்டாம்புல கன்னத்துல ஒரு சின்ன மைப்புள்ளி. இன்னொரு ஊர்ல, இன்னொருத்தர்கிட்ட, ஒரு ஜோடி கிடைக்குது. அதுல முதல் ஸ்டாம்புல அதே புள்ளி. அப்ப ரெண்டும் ஒரே இடம். ரெண்டு துண்டையும் கோத்தா நாலு இடம் தெரிஞ்சுடுச்சு. இப்படியே கோத்துக் கோத்து ஒரு ஷீட்டையே திரும்பக் கட்டுவாங்க. சந்தோட அகலமும் சாய்வும் இதுல பெரிய சாட்சி.

நம்ம பாஷைல சொன்னா, ஜோடியும் துண்டும்தான் ரெண்டு டேபிளை ஜாயின் பண்ற கீ. எல்லாத்தையும் தனித்தனியா வெட்டிட்டா, டேட்டா அப்படியே இருக்கும், கீ மட்டும் இருக்காது. ஆயிரம் ரெக்கார்டு வச்சுக்கிட்டு ஒண்ணையும் ஒண்ணோட சேர்க்க முடியாம முழிக்கணும்.

நீர்க்குறியும் அப்படித்தான். 1854 அரை அணா, ஒரு அணா, 4 அணா அச்சடிச்ச தாள்ல கிழக்கிந்தியக் கம்பெனியோட சின்னம் பெருசா, ஷீட்டு முழுக்கப் பரவினாப்புல இருக்கும். ஒவ்வொரு ஸ்டாம்புலயும் அதுல ஒரு துணுக்குதான் விழும். தனி ஸ்டாம்பைத் தூக்கி வெளிச்சத்துல பார்த்தா ஏதோ கோடு மாதிரி தெரியும். நாலஞ்சு சேர்ந்து இருந்தாத்தான் அது என்னன்னே புரியும்.

இதெல்லாம் ராணி காலத்துப் பெருமைன்னு நினைக்காதீங்க. இன்னைக்கும் இது நடக்குது, நம்ம வீட்டுலயே.

கொங்கு நாட்டுப் பழைய வீடுகள்ல கடுதாசி குத்தற கம்பின்னு ஒண்ணு சுவத்துல தொங்கும். வந்த கார்டு, கவர், ரசீது எல்லாம் அதுல குத்தி வச்சிருப்பாங்க. பஞ்சு வியாபாரம், மாட்டுச் சந்தை, மில்லு வேலை, சிலோனுக்குப் போன சொந்தம், எல்லாம் அந்தக் கம்பில இருக்கும். வீடு பாகம் பிரியும்போதோ இடிக்கும்போதோ அந்தக் கட்டு நேரா பழைய பேப்பர் கடைக்குப் போகுது. வழியில யாராவது ஒருத்தர் "அட, ஸ்டாம்பு"ன்னு ஸ்டாம்பை மட்டும் வெட்டி எடுத்துட்டு மிச்சத்தைப் போட்டுடறாங்க. முத்திரை பாதி, தேதி பாதி, ஊர் பேரு குப்பைல. எந்த ஊர்ல இருந்து எந்த ஊருக்கு எத்தனை நாள்ல வந்ததுங்கிற கதை மொத்தமும் போச்சு. மிச்சம் இருக்கிறது, லட்சக்கணக்குல அச்சடிச்ச ஒரு சாதா ஸ்டாம்பு. அதுக்கு அஞ்சு ரூபா கூட வராதுங்க!

ஸ்கூல்லயும் இதான். கவர்ல இருந்து வெட்டு, தண்ணில ஊறப்போடு, காய வை, ஆல்பத்துல ஒட்டு. எத்தனை தலைமுறையா இதே பாடம். தபால்துறை 2017-இல் தீன் தயாள் ஸ்பர்ஷ்னு ஒரு உதவித்தொகை ஆரம்பிச்சாங்க, ஆறுல இருந்து ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் ஸ்டாம்பு சேர்க்கிற பசங்களுக்கு. நல்ல விஷயம். அதுக்காகவே ஸ்கூல் கிளப் ஆரம்பிச்ச இடங்கள்ல முதல் வகுப்புலயே கத்தரிக்கோல் பாடம் எடுக்கறதுதான் என் வருத்தம். அந்த வகுப்புல ஒரு முழு ஷீட்டை மேசை மேல விரிச்சு, "இது ஏன் இப்படி அடுக்கியிருக்கு, ஓரத்துல இருக்கிற இந்தக் கலர் பொட்டு எதுக்கு?"ன்னு கேட்டுப் பாருங்க. அச்சுக்கலை, கணக்கு, சரித்திரம் மூணும் அரை மணி நேரத்துல முடிஞ்சுடும்.

இணையத்துல ஸ்டாம்பு படம் போடற நம்ம ஆளுங்களுக்கும் ஒரு கொட்டு. ஸ்கேன் பண்ணி, ஓரத்தை நறுக்குனு கிராப் பண்ணி, பின்னணியைக் கறுப்பாக்கி, பளிச்னு போடறீங்க. டிஜிட்டல் கத்தரிக்கோலும் கத்தரிக்கோல்தான் சாமி. ஓரத்தோட ஸ்கேன் பண்ணுங்க, பக்கத்துல ஒரு ஸ்கேலையும் வைங்க. பின்பக்கமும் ஒரு ஸ்கேன். இடம் ஒண்ணும் செலவாகப் போறதில்லை.

"முழு ஷீட்டு வாங்க எல்லார்கிட்டயும் காசு இருக்கா?"ன்னா, வேண்டாம்ங்க. அஞ்சு ரூபா ஸ்டாம்பு நாலு சேர்ந்த கட்டம் இருபது ரூபா. ஷீட்டு ஓரத்தோட, மூலைல இருக்கிற நாலா கேட்டு வாங்குங்க. ஒரு டீ, ஒரு வடை காசுதான். ஒரே மாதிரி நாலு எதுக்குன்னு வீட்டுல கேட்டா இந்தப் பதிவைக் காட்டுங்க (அடி விழுந்தா நான் பொறுப்பில்லை).

2011-இல் வந்த மை ஸ்டாம்ப் பார்த்திருப்பீங்க. கல்யாண ஜோடி போட்டோ, பாப்பா போட்டோ எல்லாம் போட்டு அடிச்சுக் குடுக்கறாங்களே, அது. அந்த ஷீட்டுலயும் 12 ஸ்டாம்புதான். 1854-இன் முதல் 4 அணா ஷீட்டு எண்ணிக்கை அப்படியே. தற்செயல்தான், ஆனா எனக்குப் பிடிச்ச தற்செயல். அதையாவது ஒரு ஷீட்டு வெட்டாம வைங்க. உங்க பேரனுக்கு உங்க மூஞ்சி தெரியும். அந்தக் காலத்துல எப்படி அச்சடிச்சாங்க, எப்படி அடுக்கினாங்கங்கிறதும் சேர்ந்து தெரியும்.

ஆகவே மக்களே, மூணே மூணு வேண்டுகோள். கவரோட இருக்கிற ஸ்டாம்பைக் கவரோடவே விடுங்க. சேர்ந்து இருக்கிறதைப் பிரிக்காதீங்க. ஓரத்தை வெட்டாதீங்க. பழைய கட்டு ஏதாவது வீட்டுல இருந்து, என்ன பண்றதுன்னு தெரியலைன்னா, ஒண்ணுமே பண்ணாதீங்க. வெயில் படாத, ஈரம் இல்லாத இடத்துல அப்படியே வைங்க. ஒண்ணும் பண்ணாம இருக்கிறதும் ஒரு சேவைதான்.

மாற்றுக் கருத்து இருந்தா பின்னூட்டத்துல வாங்க, சண்டை போடலாம். "தனி ஸ்டாம்புதான் அழகு"ன்னு சொல்ற கட்சி ஒண்ணு இருக்குன்னு எனக்குத் தெரியும். அவங்க வாதத்தையும் கேக்க ஆசை.

டிஸ்கி: உக்கடம் பழைய புத்தகக் கடைப் பக்கம் போறவங்க, புத்தகத்துக்குள்ள பழைய இன்லண்ட் லெட்டரோ கார்டோ கிடைச்சா தயவுசெஞ்சு முழுசா எடுத்துட்டு வாங்க. வேண்டாம்னா சொல்லுங்க, டீ நான் வாங்கித் தரேன் :-)